காற்றடிக்க வந்த மாப்பிள்ளை

என் தங்கச்சி வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கிறவள். என் பஞ்சர் கடைக்குப் பின்னால்தான் அவளுடைய மெஷின் ஓடும். டிரைவர்கள் அவளை 'ஊசியக்கா' என்பார்கள். வாய் அப்படி. "கொஞ்சம் மெத்துன்னு தைங்கக்கா" என்று ஒருத்தன் கேட்டால், "மெத்துன்னு தச்சா ரோட்டுலயே தூங்கிடுவே, உன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?" என்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் வாயில்லாப் பூச்சி. புருஷன் வேன் ஓட்டுகிறவன். ஊருக்கு நல்லவன், வீட்டில் கை நீட்டுவான். வருஷக்கணக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். ஒருநாள் குறுக்கே வந்த மகளையும் அறைந்துவிட்டான். காது வீங்கிய பிள்ளையோடு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். வழக்குப் பதிந்தார்கள். அவள் வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் அவன் கால் வைக்கக் கூடாது, வைத்தால் ஜெயில் என்று கோர்ட்டில் உத்தரவாயிற்று.

சொந்தபந்தம் படையெடுத்தது. "குடும்ப விஷயத்துல போலீஸ் எதுக்கும்மா? நாலு பேர் உட்கார்ந்து பேசினாத் தீராதா?" என்றார் பெரியப்பா.

"பேசினீங்களே பெரியப்பா. ஒவ்வொரு தடவையும் நீங்க காப்பி குடிச்சிட்டுப் போனீங்க, நான் அடி வாங்கினேன்."

என் பங்குக்கு நானும், "வாபஸ் வாங்கிடேன், திருந்திட்டேங்கிறான்" என்றேன்.

மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்: "ஆணியப் புடுங்காம ஒட்டுப் போடுவியாண்ணே?"

பஞ்சர்காரனிடம் கேட்கிற கேள்வியா அது.

ஒரு மழைநாள் மத்தியானம் அவன் வேன் என் கடை முன்னால் வந்து நின்றது. பின்சக்கரம் தரையோடு படுத்திருந்தது. காற்றில்லாத வண்டியைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது, எதிரி வண்டியானாலும். கை தானாகக் குழாயை எடுத்துவிட்டது. "காத்து மட்டுந்தான் மச்சான்" என்றவன், நான் குனிந்த நேரம் பார்த்து உள்ளே போய்விட்டான்.

"கேஸை வாபஸ் வாங்குடி. இல்லேன்னா நீ நிம்மதியா இருந்துடுவியா?"

நான் ஓடினேன். அவள் கத்தவில்லை. போனை எடுத்து, போலீசுக்குக் கடை அடையாளம் சொல்லி, கோர்ட் உத்தரவு இருப்பதையும் நிதானமாகச் சொன்னாள். அதைக் கேட்டதும் அவன் வேனுக்குப் பாய்ந்தான். நான் முந்திக்கொண்டு வால்வைக் கழற்றினேன். அடித்த காற்றெல்லாம் புஸ்ஸென்று போயிற்று. என் வயசுக்கு அதுவரை நான் செய்யாத வேலை. அந்தச் சக்கரத்தில் தெருமுனையைக்கூடத் தாண்ட முடியாமல் நின்றான். போலீஸ் வந்துவிட்டது.

கோர்ட்டில் அவன் வக்கீல் என்னைக் கேட்டார்: "சொந்த மாப்பிள்ளைக்கு எதிரா சாட்சி சொல்ல வந்திருக்கீங்களா?"

"இவ என் தங்கச்சிங்கறதாலதாங்க அவன் எனக்கு மாப்பிள்ளை. இல்லேன்னா எவனோ ஒரு வண்டிக்காரன்."

நீதிபதியம்மா நிமிர்ந்து பார்த்தார். வந்ததையும் மிரட்டினதையும் சொன்னேன். சில மாசம் உள்ளே இருந்தான். இப்போது மகள் விருப்பப்பட்டால் மட்டும், கோர்ட் சொன்ன இடத்தில், அதிகாரி முன்னால் பார்க்கிறான். தணிந்து பேசுகிறானாம். திருந்தினானா என்று இனிமேல்தான் தெரியும்.

போன வாரம் பெரியப்பா தங்கச்சி வீட்டுக்கு வந்தார். "என்ன இருந்தாலும் குடும்பம் உடைஞ்சு போச்சேம்மா" என்று ஆரம்பித்தார். அதற்குள் உள்ளறையிலிருந்து மகளின் குரல் பாய்ந்தது: "அம்மா, என் சட்டையை ஏன் தொவைக்கல? எத்தனை தடவை சொல்றது?"

"கேட்டீங்களா பெரியப்பா?" என்றாள் தங்கச்சி. "வேன் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்ச புள்ள. இப்ப என்னையே அதட்டுது."

சொல்லிவிட்டு, சட்டையைத் துவைக்கச் சந்தோஷமாக எழுந்து போனாள்.