மடிப்பக்காவும் லீவுக் காய்ச்சலும்

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒரு வாளி, ஒரு சோப்புக் கட்டி, ரெண்டு கை. இதை வைத்துத் தொடங்கிய சலவைத் தொழில் இன்று ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் நாலு ஹோட்டலுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிறது. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல. என் ஆலையில் இஸ்திரிப் பகுதியைக் கட்டி மேய்க்கிற பெண்ணைப் பற்றி.

அவளை எல்லாரும் மடிப்பக்கா என்பார்கள். உள்ளே நீராவி ஓடுகிற, ஆள் நீளத்துக்கு ஒரு இரும்பு உருளை எங்களிடம் உண்டு. ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் மொடமொடவென்று வரும். எதிரே நிற்கிறவள் தன் முனையைப் பிடிப்பதற்குள் மடிப்பக்கா பாதி மடித்திருப்பாள். ஆஸ்பத்திரி வண்டி விடிந்ததும் வாசலில் நின்று ஹார்ன் அடிக்கும். ஆள் வரவில்லை, குழாய் கசிகிறது, கறை போகவில்லை என்று எது வந்தாலும் அவள் தலையில்தான் விடியும். சாப்பாட்டைக்கூட உருளையைப் பார்த்தபடி நின்றுகொண்டே சாப்பிடுவாள். அப்படிப்பட்டவளைக் கண்டுபிடித்து அந்த இடத்தில் நிறுத்தியது நான்.

அவளுக்கு ஒரு விசித்திரம் இருந்தது. லீவு போட்டால் காய்ச்சல் வரும். தங்கச்சி கல்யாணத்தில் போட்டோ எடுத்தபோது மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போன வருடம், கடலைப் பார்க்காமல் அறையில் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டு வந்தாள். வேலைக்குத் திரும்பினால் மத்தியானத்துக்குள் எல்லாம் போய்விடும். ஆலையில் இதைப் பார்த்துப் பார்த்து ஒரு வைத்தியமே உண்டாகிவிட்டது. யார் தும்மினாலும் உருளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். லீவுதான் நோய், உருளைதான் மருந்து. நானும் நம்பினேன். லீவே போடாதவர்களுக்கு வருடா வருடம் சுவர்க் கடிகாரம் பரிசு கொடுப்பது என் வழக்கம். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். "எங்க வீட்டுல மணி கேட்டா, எந்தச் சுவர்லன்னு கேக்கணும்" என்பார்.

அவளுக்கு ஒரே மகள். வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள். பல வருடம் கழித்து வயிற்றில் குழந்தை தங்கியது. பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பெண் வேறு எதுவும் கேட்கவில்லை. மடிப்பக்காவும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். கொடுத்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பயம்.

"போன அன்னைக்கே காய்ச்சல்ல படுத்தா, பிள்ளைத்தாச்சியை நான் பாக்கணுமா, அவ என்னைப் பாக்கணுமாண்ணே?" என்று என்னிடம் கேட்டாள்.

அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கிளம்புகிற நாள் வரைக்கும் வார லீவுகூட எடுப்பதில்லை. ரெண்டு ஷிப்டும் நிற்பது. நோய்க்கு நுழைய இடுக்கே கொடுக்கக் கூடாது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சரக்கு கனமாக வந்துகொண்டிருந்த சமயம் வேறு.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, அடுக்கிவைத்த விரிப்புகளில் ஒன்றின் ஓரம் ஒரு விரல் அளவு கோணியிருந்தது. இந்த மாதிரி விஷயத்தில் என் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அவளைப் பார்த்தேன். இடது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"என்னம்மா, கை?"

"கை இல்லண்ணே, விலா. நீராவி அடிச்சுக் கொப்புளம் போட்டிருக்கு. மருந்து தடவிட்டேன்."

எங்கள் ஆலையில் நீராவிச் சூடு படாத உடம்பு கிடையாது. முதலுதவிப் பெட்டியில் எப்போதும் தீர்ந்து கிடப்பது அந்த மருந்துதான். அதனால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. எதிர்த் தெரு கிளினிக் டாக்டரம்மாவுக்கு வெளுத்த வெள்ளைக் கோட்டுகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. மடிப்பு கோணியது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்ததால் அவளையும் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா திரைக்குப் பின்னால் அவளைப் பார்த்தார். நான் இந்தப் பக்கம் பெஞ்சில் இருந்தேன்.

"சட்டையில சூடு பட்ட அடையாளமே இல்ல. எந்தக் குழாய்ம்மா சட்டைக்குள்ள புகுந்து சுட்டுச்சு?"

டாக்டரம்மா கையுறை மாட்டுகிற சத்தம் கேட்டது.

"இது அக்கி. சின்ன வயசுல அம்மை வந்திருக்கா?"

"வந்துச்சு. அது எந்தக் காலத்துலயோ."

"அந்தக் கிருமி போகவே இல்ல. நரம்புக்குள்ள ஒளிஞ்சு கிடந்தது. கிருமி உள்ள இருக்கிறது வேற, நோய் வர்றது வேற. காவல் சரியா இருந்தா அது பாட்டுக்குக் கிடக்கும். காவல் அசந்தா எழுந்து வரும்."

"நான் ஒரு நாள்கூடப் படுக்கலையே டாக்டர். லீவு போட்டாத்தான் எனக்குக் காய்ச்சல் வரும், அதான் லீவே போடாம ரெண்டு ஷிப்டும் நின்னேன்."

"அங்கதான் தப்பு. அவசரம்னா உடம்பு இதயத்தை வேகமா ஓட்டும், ரத்தத்துல சர்க்கரையை ஏத்தும், வலியை மறைக்கும். கிருமி விவகாரத்தை அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளி வைக்கும். கொஞ்ச நேரத்துக்கு அது நல்லது. நீங்க வருசக்கணக்கா அப்படியே ஓட்டுறீங்க. லீவு போட்டதும் உடம்பு உக்காந்து பாக்கி வேலையைப் பாக்குது. காய்ச்சல், மூக்கு ஒழுகுறது எல்லாம் பாதிக்கு மேல அந்த வேலைதான். எல்லாருக்கும் இப்படின்னு சொல்ல மாட்டேன். உங்க கதையைக் கேட்டா அப்படித்தான் தோணுது."

நான் விடவில்லை. "உருளைகிட்ட வந்து நின்னா சரியாகுதே டாக்டரம்மா? என் கண்ணால பாத்திருக்கேன்."

"சரியாகல. அமுக்கி வைக்கிறீங்க. கறை போகாத விரிப்பை, கறை தெரியாம மடிச்சு அனுப்புவீங்களா?"

"என் ஆலையில அது நடக்காது."

"இவங்க உடம்புல நடக்குது."

படித்தவர்களிடம் நான் வாயடைத்துப் போவது அபூர்வம். அன்றைக்கு அடுத்த பேச்சை அவளே எடுத்துவிட்டதால் தப்பித்தேன்.

"அடுத்த வாரம் மக வீட்டுக்குப் போகணும் டாக்டர். மாசமா இருக்கா."

"அவளுக்கு அம்மை வந்திருக்கா?"

"இல்ல. ஊசியும் போடல."

"அப்ப கொப்புளம் எல்லாம் காய்ஞ்சு பொருக்குத் தட்டுற வரைக்கும் அந்தப் பக்கமே போகக் கூடாது. அந்த நீர் பட்டா அவளுக்கு அம்மை வரலாம். பிறக்குற குழந்தைக்கும் ஆபத்து."

திரைக்குப் பின்னால் மடிப்பக்கா முணுமுணுத்து நாட்களை எண்ணினாள்.

"அதுக்குள்ள பிரசவம் ஆயிட்டா?"

"போன்ல பாத்துக்கங்க. மாத்திரை எழுதித் தர்றேன். நீங்க செய்ய வேண்டியது படுக்கிறது ஒண்ணுதான்."

தெருவில் இறங்கியதும், "வீட்டுல இருந்து என்ன பண்ணப் போறேன்? உருளையிலயே நிக்கிறேண்ணே" என்றாள்.

"நாம வெளுக்கிறது ஆஸ்பத்திரி விரிப்பு. உன்னை அதைத் தொட விட்டா என் பேர் என்ன ஆகும்? வீட்டுக்குப் போ."

போனாள். மறுநாளே காய்ச்சல் வந்தது. அவள் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார்.

"வழக்கம்போலத்தாண்ணே. ஒரு மணி நேரம் உருளைகிட்ட நிக்க வச்சுக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "வேண்டாங்க. வந்தது வேலையை முடிச்சுட்டுப் போகட்டும்."

விலாவில் நெருப்பு வைத்த மாதிரி வலி. சட்டை உரசினால்கூடத் தாங்கவில்லை. இந்த முறை எழுந்து ஓடாமல் கிடந்தாள். அந்த நாட்களில் உருளை முன்னால் நானே நின்றேன். இந்த வயதில் நின்றேன். வண்டி ஒரு நாளும் காத்து நிற்கவில்லை. மடிப்பு மட்டும் அவள் மடிப்பு மாதிரி இல்லை என்று ஹோட்டல்காரன் ஒருவன் சொன்னான். அவனுக்குக் கண் அதிகம்.

கொப்புளம் காய்வதற்குள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. மாமியார்தான் கூட இருந்தார். போனில் மகள் பேசியதை மடிப்பக்கா பிறகு எனக்குச் சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்.

"உனக்கு என்னைவிட உருளைதான் பெருசு."

"உனக்காகத்தாண்டி நின்னேன். காய்ச்சலோட வந்து படுக்கக் கூடாதுன்னு நின்னேன்."

"காய்ச்சலோட வந்திருந்தா ஒரு மூலையில படுக்க வச்சுக் கஞ்சி குடுத்திருப்பேன். இப்ப உன்னால வாசலுக்கே வர முடியல."

அதற்கு மேல் ரெண்டு பேரும் பேசவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லையாம். குழந்தை அழுது ஓய்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டியதை டாக்டரம்மா பார்த்து, இனிப் போகலாம் என்றார். அன்று மாலையே பேருந்து ஏறினாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் குழந்தையை நீட்டினாளாம். மடிப்பக்கா கையில் வாங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "பெரிய விரிப்பு நாலு எடை இருக்கும்." மகள் சிரித்துவிட்டாள். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. சிரித்தாள், அவ்வளவுதான்.

அவள் திரும்ப வேண்டிய நாளன்று காலையில் எனக்குப் போன் வந்தது.

"அண்ணே, இன்னும் ரெண்டு நாள் லீவு வேணும்."

"மறுபடியும் காய்ச்சலா?"

"இல்லண்ணே. வலி மிச்சம் கொஞ்சம் இருக்கு. மத்தபடி உடம்பு நல்லாதான் இருக்கு. அதான் கேக்குறேன்."

எடுத்துக்கொள் என்றேன். இத்தனை வருடத்தில் உடம்பு நன்றாக இருக்கும்போது அவள் கேட்ட முதல் லீவு அது. அதைக் கொடுத்தது நான்.