மூன்றாம் மாடியின் நீலச் சட்டை

என் வீட்டுக்காரரை அந்தக் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'மடிப்பு'தான். அவர் தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டமான பஸ்ஸில் நசுங்கிப் போனாலும், கை மடிப்பு சாயங்காலம் வரை அப்படியே நிற்கும். அதனால் வந்த பெயர்.

மாடிப்படிக்குக் கீழே மழை நனைக்காத மூலையில்தான் எங்கள் கடை. ஒரு மேஜை, ஒரு இஸ்திரிப்பெட்டி, சுவரில் மூன்று பலகை. நான் தண்ணீர் தெளித்துக் கொடுப்பேன், அவர் தேய்ப்பார். குடியிருப்புச் சங்கத்தார் இரக்கப்பட்டு விட்ட இடம் அது. போகச் சொன்னால் அன்றைக்கே போக வேண்டியதுதான். அதனால் தினமும் பெட்டியைச் சூடேற்றும் முன் கடவுளை நினைத்து, இன்றைக்கும் யாரும் போகச் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்வேன்.

தேய்க்கிறவருக்கு ஊர்க்கதை எல்லாம் தெரியும் என்பார்கள். தெரியத்தான் செய்யும். ஆபீஸ் சட்டை திடீரென்று வராமல் நின்றால் அந்த வீட்டில் வேலை போயிருக்கிறது என்று அர்த்தம். சட்டைப் பையில் என்னென்னவோ கிடைக்கும். அவர் அதைக் காகிதத்தில் சுற்றித் துணிக்கு நடுவில் வைத்துக் கொடுத்துவிடுவார். என்னிடம்கூட வாய் திறக்க மாட்டார். நான் கிண்டிக் கேட்டால், "உனக்கு எதுக்கும்மா அது, தண்ணியத் தெளி" என்பார். அந்த மூடின வாய்க்காகவே எத்தனையோ பேர் எங்களிடம் துணி கொடுத்தார்கள்.

மூன்றாம் மாடியில் ஒருவர் இருந்தார். அரசாங்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. நெடுநெடுவென்று வளர்ந்தவர், கை நீளம். "கஞ்சி மட்டும் வேண்டாம்ணே, கழுத்த அறுக்குது" என்பதைத் தவிர அவர் எங்களிடம் அதிகம் பேசியதில்லை. ஒருநாள் அவர் முகம் டிவியில் வந்தது. ஜனங்கள் போனில் பேசுவதை எல்லாம் அரசாங்கம் ஒட்டுக் கேட்கிறது என்று சொல்லி, அதற்கான அத்தாட்சிகளைப் பத்திரிகைக்காரர்களிடம் கொடுத்துவிட்டு எங்கேயோ மறைந்துவிட்டாராம். மனைவியும் மகளும் மட்டும் மேலே இருந்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் மேஜையைச் சுற்றி ஒரே வாக்குவாதம்தான். துணி வாங்க வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போக மாட்டார்கள். ரிட்டையரான வாத்தியார் ஒரு பக்கம், பல் டாக்டர் ஒரு பக்கம்.

"வீரன்யா அவன்" என்பார் வாத்தியார். "நீயும் உன் பொண்டாட்டியும் பேசுறத எவனோ உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கான். அதத்தான் அவன் வெளிய சொன்னான்."

"என் பொண்டாட்டி பேசுறத நானே கேக்கறதில்ல சார். கேட்டவன் பாவம்" என்பார் டாக்டர். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிடும். "என் தம்பி எல்லையில நிக்கிறான். சம்பளம் வாங்கின இடத்துக்கே குழி பறிச்சு, ரகசியத்த அள்ளி நடுத்தெருவுல கொட்டிட்டுப் போயிருக்கான் இவன். என் தம்பிக்கு ஒண்ணுன்னா நீங்க வந்து பதில் சொல்வீங்களா? துரோகி சார், துரோகி."

"மடிப்பு, நீ சொல்லுப்பா. வீரனா துரோகியா?" என்பார் வாத்தியார்.

"அவர் சட்டைக்குக் கஞ்சி வேண்டாம்பாருங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்பார் இவர்.

தனியாக இருக்கும்போது நானும் கேட்டேன். "சொல்லத் தெரியலம்மா. வாத்தியார் பேசுறப்போ வாத்தியார் சரின்னு தோணுது. டாக்டர் பேசுறப்போ டாக்டர் சரின்னு தோணுது" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சாம்பல் நிறப் பேண்ட் ஒன்றைத் தேய்க்கக் கொண்டு வந்தார் ஒரு புது ஆள். எங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றெல்லாம் அன்பாக விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு தான் அரசாங்கத்து ஆள் என்றார்.

"மூணாம் மாடி மூட்டையில ஆம்பளச் சட்டை ஏதாவது வந்தா எனக்கு ஒரு போன் போடுங்கண்ணே. நீங்க யாரையும் காட்டிக் கொடுக்கல. சட்டையத்தான் சொல்றீங்க."

இவர் பேண்ட்டை உதறி மேஜையில் விரித்தார். அந்த ஆள் சுவரையும் பலகையையும் மெதுவாகப் பார்த்தார். "இந்த இடத்துக்கு எழுத்துல ஏதாவது அனுமதி இருக்காண்ணே? இல்லாட்டிப் பரவாயில்ல, சும்மா கேட்டேன்."

"சரிங்க" என்றார் எங்கள் வீட்டுக்காரர். எதற்குச் சரி என்று நான் கேட்கவில்லை. அதற்குள் அந்த ஆளுக்கு ஏதோ அழைப்பு வந்தது. நம்பரைக் கொடுத்துவிட்டு, பேண்ட்டைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

பல நாள் எதுவும் வரவில்லை. மகளின் பள்ளிச் சீருடையும் அந்த அம்மாவின் உடுப்பும் மட்டும்தான். அப்பாடா என்று இருந்தது. பிறகு ஒரு காலையில் அந்த வீட்டுப் பெண்பிள்ளை வைத்துவிட்டுப் போன மூட்டையைப் பிரித்தால், சீருடைக்கு அடியில் நீல நிற முழுக்கைச் சட்டை.

இவர் அதைக் கையில் எடுத்தபடி நின்றார். என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்து தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போனை எடுத்து, "வந்திருக்குங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

சாப்பாட்டு நேரத்துக்குள் ஜீப் வந்துவிட்டது. மேலே ஏறிப் போனவர்கள் பீரோ, மெத்தை, பெண்ணின் புத்தகப் பை எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். படியெல்லாம் துணி. அந்த அம்மா ஒவ்வொரு படியாகக் குனிந்து பொறுக்கிக்கொண்டே வந்தார். வீட்டில் எந்த ஆம்பளையும் இல்லை, வந்து போன தடயமும் இல்லை. போகும்போது எங்கள் மேஜையில் மடித்து வைத்திருந்த நீலச் சட்டையையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் இவர் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் காதை விட்டுப் போகவில்லை.

"போன் பண்ணினதுக்கு அப்புறம்தான் தேய்ச்சேன். கையில நாலு மடக்குத் தடம் இருந்துச்சும்மா. துவைச்சும் போகல. அவர் கை நீளம், ஒரு மடக்குகூட மடக்க மாட்டாரு. நாலு மடக்கு மடக்கணும்னா சின்னக் கை. அந்தம்மாதான் அதப் போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க."

"அப்பவே போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லியிருக்கலாம். நேரம் இருந்துச்சு. அந்த ஆளுகூட ரெண்டாந் தடவ பேச பயமா இருந்துச்சு. தடத்து மேல பெட்டிய வச்சு அழுத்தித் தேய்ச்சுட்டேன்."

மறுநாள் முதல் யார் தகவல் கொடுத்தது என்பதுதான் பேச்சு. எல்லோரும் வாட்ச்மேனைச் சொன்னார்கள். போகிறவர் வருகிறவரை அவன்தானே பார்க்கிறான் என்றார்கள். வாத்தியாரே முன்னின்று அவனை வேலையை விட்டு அனுப்பச் சொல்லிச் சங்கத்தில் கேட்டார். வாட்ச்மேன் எங்களிடம் வந்து அழுதான். "நான் சத்தியமா இல்லண்ணே, நீங்களாவது நம்புங்க" என்றான். இவர் அவன் சட்டையைக் காசு வாங்காமல் தேய்த்துக் கொடுத்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது. கடவுளே இவருக்கு ஒரு வழியைக் காட்டு என்று நான் வேண்டிக்கொண்டேன். இடம் போய்விடக் கூடாது என்றும் சேர்த்துத்தான் வேண்டினேன், அது அவருக்குத் தெரியும்.

சங்கக் கூட்டம் முற்றத்தில் நடந்தது. இவர் கையைத் துடைத்துக்கொண்டு போய் நடுவில் நின்றார்.

"வாட்ச்மேன விட்டுருங்க. சொன்னது நான்."

டாக்டர்தான் முதலில் எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மடிப்பு, வாயத் திறக்காம இருந்தியேய்யா! நீதான்யா இந்த நாட்டுக்கு வேண்டிய ஆளு. இந்த இடத்த விட்டு உன்ன எவன் கிளப்பறான்னு நான் பாக்கறேன்."

இவர் முகம் அப்போது போன போக்கை நான் பார்த்தேன். அடித்திருந்தால்கூட அப்படிச் சுருங்கியிருக்காது.

வாத்தியார் திட்டவில்லை. நேராக எங்கள் மேஜைக்கு வந்து, தண்ணீர் தெளித்து வைத்திருந்த தன் வேட்டி சட்டையை ஈரத்தோடு எடுத்துக்கொண்டார். "இத்தன வருஷமா உன் கையிலதானேப்பா கொடுத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் மாடி அம்மாவைக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. இவர் மாடி ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டார். இவர் நாலு மடக்கையும் சொன்னார். தெரிந்த பிறகும் மறுபடி போன் செய்யாமல் இருந்ததையும் சொன்னார்.

அந்த அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அது இப்ப அவர் சட்டை இல்லீங்க, என் சட்டை" என்றார். "தேய்க்கத்தானே கொடுத்தேன். எங்க அது?"

"அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா."

"நான் உங்க கையிலதான் கொடுத்தேன்."

கதவைச் சாத்தும்போதுகூட சத்தம் வராமல்தான் சாத்தினார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து துணி வருவதில்லை. அந்தப் பெண் பள்ளிக்குப் போகும்போது அம்மா தேய்த்த சீருடையில் கைக்கு இரண்டு மடிப்பு கோணலாக விழுந்திருக்கும். இவர் கை தானாக அந்தப் பக்கம் எழும்பும், பிறகு பெட்டிக்குத் திரும்பிவிடும். டாக்டர் புதுப் புது ஆட்களைக் கூட்டி வந்து, "இவர்தான், நான் சொன்னேன்ல" என்று காட்டுகிறார். கடை முன்னைவிட நன்றாக நடக்கிறது. அந்த வருமானத்தில் அடுப்பு எரிகிறதே என்று நினைத்தால் எனக்குக் கும்பிடக் கை வருவதில்லை.

அந்த ஆளின் சாம்பல் நிறப் பேண்ட் இன்னும் எங்கள் பலகையில்தான் இருக்கிறது. நம்பரில் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை. கடை விடுமுறை நாளில் இவர் அதைப் பையில் வைத்துக்கொண்டு ஜீப் வந்த பெரிய ஆபீஸ் வாசலுக்குப் போகிறார். முதல் தடவை நானும் கூடப் போனேன்.

"பேண்ட்டக் கொடுக்க வந்தியா, சட்டைய வாங்க வந்தியா?" என்று கேட்டான் வாசலில் நின்ற காவலன்.

"ரெண்டுக்கும்தாங்க."

"யாரு பேண்ட்டு?"

"பேரு சொல்லலைங்க."

அவன் உள்ளே இருந்தவனிடம் சொல்லி இரண்டு பேருமாகச் சிரித்தார்கள். வெயில் தாழும் வரை நின்றுவிட்டு வந்தோம்.

இப்போதும் போகிறார். திருப்பிக் கொடுக்க வேண்டிய துணி இங்கே, திருப்பி வாங்க வேண்டிய துணி அங்கே, இரண்டும் இடம் மாறிக் கிடக்கிறது என்கிறார். பலகையில் கிடந்து கிடந்து பேண்ட்டின் மடிப்பில் வெளுப்புத் தட்டிவிட்டது. போவதற்கு முன் மறுபடியும் தேய்ப்பார். நான் தண்ணீர் தெளித்துக் கொடுப்பேன்.

நேற்றும் போய்விட்டு வந்தார். படியேறிக்கொண்டிருந்த அந்த அம்மா நின்று, இவர் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த பையைப் பார்த்தார். பை போகும்போது இருந்த மாதிரியே பேண்ட்டோடு உப்பியிருந்தது. அந்த அம்மா மேலே ஏறிப் போனார்.