கண் எழுதாத சிப்பாய்கள்

சேறு இங்கே குப்பியில் கிடைக்கிறது. காய்ந்த சேறு தனி, ஈரச் சேறு தனி. துருவும் கிடைக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் ஒரு பிளாஸ்டிக் பீரங்கி வண்டியை மாதக்கணக்கில் ஒட்டி, ராவி, புத்தம் புதிதாய்ப் பெயிண்ட் அடித்து முடிக்கிறார்கள். பிறகு விலை கொடுத்து வாங்கிய சேற்றை அதன் சக்கரங்களில் பூசுகிறார்கள், விலை கொடுத்து வாங்கிய துருவைக் கதவு விளிம்பில் தடவுகிறார்கள், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ரசிக்கிறார்கள். நான் திண்டுக்கல்காரன். பூட்டுப் பட்டறைகளில் துருவைச் சுரண்டியே கை காய்த்துப்போனவர்கள் வாழும் தெருவில் வளர்ந்தவன். இதை முதன்முதலில் பார்த்த மாலையில், புத்தி பிசகியவர்களின் நடுவே மகளைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு இன்றுவரை பெரிதாக மாறிவிடவில்லை.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, ரயில்கூட நிற்க யோசிக்கும் ஒரு ஊர். என் மனைவி பிலோமினா நர்ஸ். அவளுக்குத்தான் வேலை கிடைத்தது. நான் பின்னால் வந்தேன். தொண்ணூறுகள் முழுக்கத் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவன், இங்கே ஒரு கிடங்கில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறேன். ஊரில் இருந்து பேசுகிறவர்கள் இன்னும் ‘அங்க எந்த ஸ்கூலு சார்?’ என்று கேட்கிறார்கள். அதற்கு நான் பழகிவிட்டேன். எங்கள் ஒரே மகள் ஆக்னஸ் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் எனக்குப் போதுமானதாக இருந்தது. மூன்றாம் வருடம். கிடங்கில் நான் தூக்கிய ஒவ்வொரு பெட்டிக்கும் அதுதான் பதில்.

மூன்றாம் வருட விடுமுறையில் ஊருக்குப் போனோம். என் அக்கா லூர்துவின் மகன் சார்லஸ், ‘மாமா, சிறுமலையைச் சுத்திக் காட்டிட்டு வாரேன்’ என்று ஆக்னஸை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். மலைப்பாதைக்கு ஹெல்மெட் எதற்கு, கையுறை எதற்கு. அவன்தான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவானே. இறங்கும்போது, எதிரே வாழைத்தார் ஏற்றி வந்த ஜீப்புக்கு ஒதுங்கிய இடத்தில் சரளை. அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. ஆக்னஸ் வலது கையை ஊன்றி விழுந்திருந்தாள். மணிக்கட்டில் எலும்பு, நரம்பு இரண்டும் போயிருந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். டீ குடித்தார்கள். சார்லஸ் ஒவ்வொருவருக்கும் அந்த வளைவைக் கையால் வரைந்து காட்டிக்கொண்டிருந்தான், ஏதோ சாதித்தவன் மாதிரி. அக்கா என் தோளைத் தடவி, ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னாள்.

“நல்லவேள தம்பி, மூஞ்சில ஒண்ணும் படல. கட்டிக் குடுக்கப் போற புள்ள.”

அந்த வராந்தாவை விட்டு நான் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. இங்கே கிடங்கில் யாராவது ஒரு பெட்டியைத் தவறவிட்டாலும் யார் கை என்றுதான் முதலில் திரும்பிப் பார்க்கிறேன்.

இங்கே வந்து இன்னொரு ஆபரேஷன். எலும்பு சேர்ந்தது. விரல்கள் மடங்கின. நடுக்கம் மட்டும் போகவில்லை. கல்லூரி அவளுடைய இடத்தை ஒரு வருடம் நிறுத்தி வைத்தது, கேட்டுக்கொண்டதன் பேரில் இன்னொரு வருடம். அதற்குமேல் இல்லை என்றும் சொல்லிவிட்டது. கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி, களிமண் உருட்டுவது, ஊசி கோர்ப்பது எல்லாம் முடிந்தபிறகு, சின்னத் தூரிகை பிடித்துப் பழகினால் நல்லது என்றாள். தன் மாமனார் போகிற சங்கம் ஒன்று இருக்கிறது, வியாழக்கிழமை தோறும், சர்ச் ஹாலில், சரித்திரச் சிப்பாய்களுக்கு வர்ணம் தீட்டுவார்கள் என்றாள். பல்லைப் பிடுங்கப் படித்த என் மகள் ஈயப் பொம்மைக்குச் சாயம் பூசப் போனது இப்படித்தான். அவளால் கார் ஓட்ட முடியாது. ஆகவே நானும் போனேன்.

அந்த மாமனாரின் பெயர் கீத். ஓய்வுபெற்ற லாரி டிரைவர். ஸ்பெயினைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஆனால் இருநூறு வருடத்துக்கு முந்தைய படையில் எந்தப் பிரிவுக்கு என்ன நிறக் காலர், எந்த நிறப் பித்தான் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். யாரும் எழுப்பிக் கேட்கப்போவதில்லை என்பது வேறு விஷயம். முதல் நாள் என்னிடம், எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். இவர்களிடம் திண்டுக்கல் என்று சொல்லிப் பிரயோசனமில்லை. மதுரை என்றாலே விழிப்பார்கள். சென்னை என்று சொல்லிவிட்டு நகர்வதே என் வழக்கம். அன்று என்னவோ திண்டுக்கல் என்றே சொல்லிவிட்டேன். கீத்தின் முகம் மலர்ந்தது.

“டிண்டிகல்லா? அதை நாங்கள் போன வியாழக்கிழமைதான் பிடித்தோம்” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஹாலின் நடுவே இரண்டு டேபிள் டென்னிஸ் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் என் ஊரை வைத்திருந்தார்கள். மைசூர்ப் படையிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கோட்டையைப் பிடிக்கிற ஆட்டம். பகடை உருட்டி ஆடுவார்களாம். தெர்மாகோலில் செய்த மலைக்குப் பச்சைப் புல் தூவி, உச்சியில் தென்னை நட்டு, கோட்டைக்கு வெங்காயம் போல ஒரு குவிமாடமும் வைத்திருந்தார்கள். எங்கள் மலை மொட்டைப் பாறை. திண்டு போலக் கிடப்பதால்தான் அந்தப் பெயரே. ஒவ்வொரு வருடமும் எட்டாம் வகுப்பை வெயிலில் அதன்மேல் நடத்திக் கூட்டிப்போய்ச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தத் தென்னைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று நினைத்து கீத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வாரம் மலையின் புகைப்படம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லோரும் மிக மரியாதையாகப் பார்த்தார்கள். பலகையில் குத்தி வைத்தார்கள். மலையை மாற்றவில்லை. மொட்டைப் பாறையில் சிப்பாய்கள் வழுக்கி விழுவார்களாம். ஆட்டத்துக்குப் படிப்படியாக இருந்தால்தான் வசதியாம்.

ஆக்னஸுக்குக் கொடுத்தது கம்பெனியின் மதராஸ் சிப்பாய்கள். சிவப்புச் சட்டையும் அரைக்கால் சராயுமாக, சுண்டுவிரலில் இரண்டு கணு உயரம். நம் ஆட்கள்தான். அவர்களுடைய முகம், கை, கால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பழுப்புக் குப்பி. மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும், அதற்குமேல் மெனக்கெட வேண்டாம் என்று கீத் சொல்லிக் கொடுத்தார். அந்த மூன்றடி தூரத்தை விட்டு இவர்கள் இருநூறு வருடமாக நகரவில்லை. ஆக்னஸ் ஆளுக்கொரு பழுப்பு கலந்தாள். முழங்கைகளை மேசையில் அழுத்தி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தீட்டினாள். சங்கம் முழுக்க அவள் கையைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்களில்தான் சிக்கல் வந்தது. இவர்கள் பொம்மைக்குக் கண்ணைத்தான் முதலில் எழுதுகிறார்கள். கண் எள்ளில் பாதி. கை தவறி வெளியே பரவினால் சுற்றிலும் முகத்தைப் பூசிச் சரிசெய்துகொள்ளலாம் என்பது கணக்கு. இதை வீட்டில் சொன்னபோது பிலோமினா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் ஆத்தூர்க்காரி. அவர்கள் கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் சுரூபங்களுக்கு வர்ணம் புதுப்பிக்கும்போது கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள், அதுவும் பேச்சை நிறுத்திவிட்டு. பக்கத்து ஊர் அய்யனார் குதிரைக்கும் அதுதான் முறை.

“கண்ணு எழுதுறவரைக்குந்தான் அது பொம்ம. எழுதிட்டா ஆளு. ஆளு மேல பெயிண்ட் அடிப்பாகளா? கடைசில எழுது, ஆக்னஸ்.”

ஈயத்துக்கு ஏது கண் திறப்பு என்று நான் சிரித்தேன். வண்டி ஓட்டுவது மட்டும்தான் என் வேலை, வாயை வீட்டில் வைத்துவிட்டுப் போகும்படி பிலோமினா சொன்னாள். ஆக்னஸ் அம்மா பேச்சைக் கேட்டாள். ஒரு முழு அணியும் சட்டை, பித்தான், துப்பாக்கி, மீசை எல்லாம் முடிந்து, கண் மட்டும் இல்லாமல் சங்கத்து அலமாரியில் நின்றது. கை சரியானதும் எழுதுவேன் என்றாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் கல்லூரியைப் பற்றிப் பேசவில்லை. கண் எழுதியாச்சா என்று கேட்பதோடு சரி. எழுதிவிட்டால் கை வந்துவிட்டது. கை வந்துவிட்டால் செப்டம்பரில் கல்லூரி. இவ்வளவு கேவலமான ஒரு விளையாட்டில் என் மகளின் வாழ்க்கையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோமே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் வியாழக்கிழமை வந்தால் நான்தான் முதலில் கார்ச் சாவியை எடுத்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் பக்கத்துப் பெரிய ஊரில் இப்படிப்பட்ட சங்கங்கள் எல்லாம் கூடும் கண்காட்சி. இத்தனை தொந்திகளை ஒரே கூரையின் கீழ் நான் பார்த்ததில்லை. திண்டுக்கல் மலையை மேசை போட்டு வைத்திருந்தார்கள். ஆக்னஸின் சிப்பாய்கள் முதல் படியில் நின்றார்கள். எல்லோருக்கும் கண் இருந்தது. வட்ட வெள்ளை, நட்ட நடுவில் கறுப்புப் புள்ளி. பேயைக் கண்டு அரண்டவர்கள் மாதிரி எல்லோரும் ஒரே முழி முழித்துக்கொண்டிருந்தார்கள்.

கீத் தயங்கித் தயங்கி வந்தார். அலமாரியில் இருந்த அணியை எடுத்து வீட்டில் உட்கார்ந்து முடித்தாராம். அவளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும், அதனால் கேட்காமலே செய்துவிட்டேன் என்றார். ஆக்னஸ் நன்றி சொன்னாள். அவள் காது சிவந்திருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கடுமையானதைத் தேடிப் பிடித்து, இதைச் செய்யச் சொல்லி உங்களை யார் கேட்டது என்றேன்.

“யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன்” என்று கீத் கண் கலங்கி என் தோளைத் தட்டினார்.

இவர்களைத் திட்டக்கூட முடியாது.

ஆக்னஸ் ஒரு சிப்பாயை எடுத்துக்கொண்டு, வர்ணம் தீட்டிக் காட்டுவதற்காகப் போட்டிருந்த மேசையில் போய் உட்கார்ந்தாள். ஒரு கண்ணைப் பழுப்பால் மூடினாள். காய்ந்ததும் வெள்ளை. பிறகு நாலைந்து மயிர் மட்டுமே உள்ள தூரிகையின் நுனியில் கறுப்பு. கை ஆடியது, இழுத்துவிட்டது, ஈரத் தூரிகையால் துடைத்தாள். மறுபடி எழுதினாள், துடைத்தாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். மறுபடி எழுதினாள். புள்ளி உட்கார்ந்துவிட்டது. கீத் எழுதியது போல முழிக்காமல், சற்றே பக்கவாட்டில் பார்க்கிற, யோசனையில் இருக்கிற ஒரு மனிதனின் கண். கிடங்கு, பார்சல், சார்லஸ், வராந்தா எல்லாம் அந்த நொடி என்னை விட்டுப் போனது.

“இன்னொரு கண்ணையும் எழுதிரும்மா.”

“போதும்ப்பா.”

“அதான் கை வந்துருச்சுல்ல. நாளைக்கே காலேஜுக்குப் பேசிருவோம்.”

அவள் தூரிகையைக் கழுவி, நுனியை உதட்டில் கூராக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எத்தன தடவ அழிச்சேன்னு பாத்துட்டுத்தான நின்னீங்க? இதுல அழிக்கலாம்ப்பா. ஒரு ஆளு வாய்க்குள்ள மெஷின விட்டுட்டு அழிக்க ஏலுமா? நா போகல. அம்மாட்ட நானே சொல்லிக்கிறேன்.”

நான் ஆசிரியன். பதில் தவறு என்றால் சொல்லத் தெரியும். அவள் பதிலில் தவறில்லை.

விஷயம் தெரிந்து அக்கா போனில், பொம்மைக்குக் கண் வரையவா பிளைட் ஏறிப் போனீர்கள் என்று கேட்டாள். போனை வைத்துவிட்டேன். கீத் வேறு மாதிரி. அவளுக்கு அபாரமான கை, ஆர்டர் எடுத்துச் செய்யலாம், தானே ஆள் பிடித்துத் தருகிறேன் என்கிறார். அபாரமான கை என்று, அதை முழுதாக இருந்தபோது பார்க்காத ஒரு மனிதர் சொல்கிறார். இருவரில் யாரை அதிகம் வெறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா சொன்னது என் மொழியில் இருந்தது. கீத் சொன்னதில் என் மகளுக்கு நாளைக்கு ஒரு வேலை இருந்தது.

அந்தச் சிப்பாய் இப்போது எங்கள் டிவியின் மேல் நிற்கிறான். மற்றவர்களின் கண்களை ஆக்னஸ் அப்படியே விட்டுவிட்டாள். இவனுடைய மறு கண்ணையும் தொடவில்லை. வேலை முடிந்து வந்து சோபாவில் உட்கார்ந்தால் கீத் எழுதிய கண் என்னை நேராகப் பார்க்கிறது, மற்றது என்னைத் தாண்டி எங்கோ போகிறது. எழுந்து ஜன்னல் ஓரம் போனால் மகள் எழுதிய கண்ணில் நான் விழுகிறேன், கீத்தின் கண் காலி சோபாவை முறைக்கிறது. இரண்டும் சேர்ந்து என்னைப் பார்க்கிற இடம் ஒன்று இந்த அறைக்குள் எங்காவது இருக்க வேண்டும். வீட்டில் யாரும் இல்லாத நேரங்களில் நாற்காலியை நகர்த்தி நகர்த்திப் போட்டுப் பார்க்கிறேன்.