கன்னத்து வீக்கம் வடிந்த பிறகு

உடுமலைப்பேட்டையில் நான் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, திருமணமான முதல் வருடத்தில், எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து தொற்றியதுதான். அவர்கள் சில நாளிலேயே எழுந்து ஓடியதைப் பார்த்திருந்ததால், கன்னம் வடிந்ததும் நானும் சைக்கிளில் பள்ளிக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாளே குளிர்காய்ச்சல். இடது விரை வீங்கி, தொட முடியாதபடி வலித்தது. வெட்கத்தில் மனைவியிடம் வயிற்றுவலி என்று சொன்னேன். உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் இரண்டு நாள் அறைக்குள்ளேயே நடந்தேன். மூன்றாம் நாள் வாந்தி எடுத்ததும் அவள் அழுதுவிட்டாள்.

"ஏனுங்க, எங்கிட்டச் சொல்லாம வேற யாருகிட்டங்க சொல்லுவீங்க?"

சொன்னேன். உடனே வண்டி பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"பெரியவங்களுக்கு வந்தா சில பேருக்கு இப்படி எறங்குமுங்க. இதோட நடக்கலாமுங்களா? படுத்திருக்கோணும்," என்றார் டாக்டர்.

"கொழந்த பொறக்குங்களா?" என்று கேட்டது என் மனைவிதான்.

"ஒரு பக்கந்தானுங்களே. பயப்படாதீங்க அம்மணி."

வீக்கம் வடிந்தும் மனம் அடங்கவில்லை. மாதந்தோறும் அவள் முகத்தைப் பார்ப்பதும், ஒன்றும் கேட்காமல் வெளியே போவதுமாக ஒன்றரை வருடம் தவித்தேன். பிறகுதான் அவள் கர்ப்பமானாள். எங்கள் மகளுக்கு இப்போது மூன்று வயது.

சக ஆசிரியர் யாருக்காவது கன்னம் வீங்கினால், இப்போதெல்லாம் அவர் வீட்டுக்கே போய், அது எங்கே இறங்கக்கூடும் என்பதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். சிலர் கூச்சத்தில் பேச்சை மாற்றப் பார்ப்பார்கள். நான் சொல்லி முடிக்காமல் எழுந்து வருவதில்லை.