வெயிலில் பச்சையான மேகம்

“கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எதுக்கு மோளே இவ்வளவு பாடு? பட்டனை அமுக்கினா பிரிண்டரே அடிச்சுத் தரும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் பிடிபடாது கேட்டோ,” என்று சிரித்தார் கிழக்கேகோட்டை ஸ்டுடியோக்காரர்.

கண்காட்சிச் சுவரில் மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு அவர் எடுத்த பொன்முடி மேகப் படமும், நான் எடுத்த எங்கள் போனக்காட்டுத் தோட்டத்து மூடுபனிப் படமும் போட்டி. அவர் வண்ண மைகளைக் கலந்தே சாம்பல் நிறத்தை வரவழைத்து அடித்திருந்தார். எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவளான நான், கறுப்பு, சாம்பல் மைகளில் மட்டும் அச்சிட்டு, காயவைத்து, வெயிலில் பார்த்துத் திருத்தியிருந்தேன்.

டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

“வெளியே கொண்டு வாங்க சாரே,” என்றேன்.

வராந்தா வெயிலில் அவருடைய மேகம் குளத்துப் பாசிபோலப் பச்சையடித்தது. என்னுடையது சாம்பலாகவே இருந்தது.

“வெயிலோட குழப்பமாக்கும்,” என்றார்.

சூரியனையே குறை சொல்கிறவரிடம் என்ன பேசுவது? கண்காட்சி நடத்தியவர்கள் இடத்தை எனக்கே கொடுத்தார்கள். பெரிய ஸ்டுடியோ போர்டுகளின் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றே போயிற்று. போன வாரம் அவர் ஸ்டுடியோவுக்கு எதிரிலேயே அறை எடுத்து, என் பிரிண்டரை இறக்கிவிட்டேன். வாசலில் நல்ல வெயில்.