வழுக்குப்பாறைக்குப் பூசிய செந்தூரம்

பகுலா தரி அருவியின் உச்சியில் எழுந்தருளியிருக்கும் மாயி அம்மனுக்கு இன்றைய தேதியில் மூன்று தலபுராணங்கள் உண்டு. ஒன்றில் ஒரு முனிவர் வருகிறார். இன்னொன்றில் ஓர் அரசனின் தொலைந்துபோன பசு வருகிறது. மூன்றாவதில் இருவருமே வந்து, முனிவரைப் பசு முட்டிவிடுகிறது. மூன்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் போகிறவர் எங்கள் ஊரில் ஒருவர்தான். குராஹு கோல். மாயி தோன்றியபோது அருகில் இருந்த ஒரே சாட்சி அவர். கையில் செந்தூரக் கிண்ணமும் வைத்திருந்தார்.

இப்பேர்ப்பட்ட மனிதரின் வரலாற்றைப் பிறப்பிலிருந்து தொடங்குவதுதான் மரியாதை. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால், இவர் பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, அந்தக் குப்பைமேட்டின் பெயரையே இவருக்கு வைத்தார் தாயார். குப்பை என்று நினைத்து எமன் விட்டுவிடுவான் என்பது ஏற்பாடு. எமன் விட்டுவிட்டான். ஊரும் அப்படியே நினைத்து விட்டுவிட்டது.

வளர்ந்ததும் அருவிக்குக் கீழே வரட்டி விற்கத் தொடங்கினார். மழை பிடித்ததும் பனாரஸ்காரர்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். விந்தியாசலத்து அம்மனைக் கும்பிட்டுவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று இந்தப் பக்கம் திரும்புகிறவர்களும் உண்டு. அருவிக்கரையில் வரட்டி மூட்டி, சத்துமாவு திணித்த லிட்டி உருண்டைகளைத் தணலில் புதைத்து, கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைந்து, நெய்யில் முக்கித் தின்பது எங்கள் பக்கத்து மழைக்கால அனுஷ்டானம். அதற்கு வரட்டித் தணல்தான் வேண்டும். விறகில் சுட்டதை லிட்டி என்று சொன்னால் இங்கே கோபித்துக்கொள்வார்கள்.

அருவியின் தலையில் ஒரு பாறை. எருமை முதுகு போலக் கறுத்து, மழையில் பாசி பூத்து, விளிம்பை நோக்கிச் சரிந்திருக்கும். படம் எடுத்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. சாவதற்கும் கிடையாது. குராஹுவின் மனைவி பூல்மதிக்கு லோட்டன் என்று ஒரு தம்பி இருந்தான். காணாமல்போன ஆட்டைத் தேடிக்கொண்டு ஒரு மழைநாளில் அந்தப் பாறையில் ஏறினான். ஆடு சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து குராஹுவுக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம். அந்தப் பாறையில் இன்னொரு கால் படக்கூடாது.

"ஏ பாபு! அங்க போகாதீங்க, வழுக்கிவிட்டுரும்!"

"நீ யாரு சித்தப்பா, அருவிக்கு மேனேஜரா?"

"வரட்டி விக்கிறவன்ப்பா."

"அப்ப வரட்டிய வித்துக்கிட்டு இரு!"

ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து வந்து 'அபாயம்' என்று தகரப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள். முதல் காற்றில் அது விழுந்தது. இப்போது ஒரு பன்றிக்குடிலுக்குக் கதவாக இருக்கிறது. அந்தக் குடிலில் இதுவரை ஒரு விபத்தும் இல்லை.

இந்த நிலையில்தான் குராஹுவுக்கு சுனார் ரயில்வே கேட் நினைவுக்கு வந்தது. அங்கே ஒருவன் சிவப்புத் துணியை நீட்டினால் லாரி நிற்கிறது, கல்யாண ஊர்வலம் நிற்கிறது, அதிகாரியின் கார்கூட நிற்கிறது. சொல்பேச்சுக் கேட்காத மனிதன் சிவப்புக்குக் கேட்கிறான். வீட்டில் பெயிண்ட் இல்லை. பூல்மதி வகிட்டில் வைக்கும் செந்தூரத்தை எடுத்துக் கடுகெண்ணெயில் குழைத்து, பாறை காய்ந்திருந்த ஒரு காலையில் மேலே போனார். பாறையின் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் முளைத்து நிற்கும். கீழிருந்தே தெரியட்டும் என்று அதன் மேல் தாராளமாக அப்பிவிட்டு வந்தார்.

இந்த மண்ணில் பிறந்தவன் செய்கிற தவறா இது? நட்டுக்கொண்டு நிற்கிற கல்லில் செந்தூரம் பட்டால் அது என்னவாகும் என்று எங்கள் பக்கம் தவழுகிற குழந்தைக்குத் தெரியும். குராஹுவுக்கும் தெரியும். அன்று ரயில்வே கேட்டையே நினைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

மறுநாள் கல்லின் கழுத்தில் சாமந்தி மாலை. அதற்கு மறுநாள் ஊதுபத்தி, தேங்காய், ஜிகினா வைத்த சிவப்புத் துண்டு. முன்பெல்லாம் கால் உறுதியான வாலிபர்கள் மட்டும்தான் அங்கே ஏறுவார்கள். இப்போது முழங்கால் வலிக்காரர்களும் கைக்குழந்தைக்காரிகளும் ஏறத் தொடங்கினார்கள். குராஹு மூச்சிரைக்க ஓடினார்.

"அம்மா, இது சாமி இல்லம்மா! அபாயம்னு நான்தான் பூசிவச்சேன்!"

பனாரஸிலிருந்து வந்திருந்த பருத்த அம்மாள் கண்ணில் நீர் மல்க அவரைப் பார்த்தாள். "எத்தனையோ பேர் இருக்க, உன் கையாலதான் பூசிக்கணும்னு மாயி நினைச்சிருக்கா. நீ குடுத்துவச்சவன்ப்பா. இந்தா பிரசாதம்."

"பிரசாதம் கெடக்கட்டும், மொதல்ல காலை அந்தண்டை வைங்க!"

கடைசியில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு போனார். துடைப்பதற்கு முன்பே நாலு பேர் பார்த்துவிட்டார்கள். தன் சொந்தச் செந்தூரத்தைத் துடைக்கப்போன குற்றத்துக்குக் கன்னத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பூல்மதி மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சுண்ணாம்பு குடுத்திருப்பேன்ல?"

"வெள்ளைக்கு எந்த வண்டிடீ நிக்கும்?"

"சிவப்புக்கு மட்டும் நின்னுதாக்கும்! ஊரே ஹாரன் அடிச்சுக்கிட்டு மேல ஏறுது."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. விந்தியாசலத்தில் வாடிக்கை குறைந்து வாடிப்போயிருந்த திரிஜுகி மிஸ்ரா என்கிற பண்டாவுக்கு, அதாவது யாத்திரைப் புரோகிதருக்கு, இந்தச் செய்தி எட்டிய இரவே ஒரு கனவு வந்தது. நாகபஞ்சமியன்று ஊர்ப் பெண்கள் எல்லாரும் பாறையின் மேலேயே அடுப்பு மூட்டி, கடாய் வைத்து, அல்வா கிண்டிப் படைக்க வேண்டும் என்று கனவில் உத்தரவு.

குராஹு கைகட்டி நின்றார். "மகராஜ், மழைக்காலம். பாறையே பாசி. அதுல நெய் வேற சிந்தும்."

"மாயி பார்த்துக்குவாடா."

"என் மச்சானை யாரு மகராஜ் பார்த்துக்கிட்டா?"

திரிஜுகி அசரவில்லை. "அப்ப மாயி இங்க ஏது? நீ பூசின பிறகுதானே வந்தா."

குராஹு கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

நாகபஞ்சமியன்று தூறிக்கொண்டிருந்தது. பாதை தொடங்கும் இலுப்பை மரத்தடியில் பெண்கள் கடாயும் ரவையும் நெய்த் தூக்குமாக நின்றார்கள். உண்மையைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. பொய்தான் பாக்கி. குராஹு துண்டை உதறிக் கீழே போட்டுவிட்டு, கண்ணை மூடி, சாமி வந்தவரைப் போல ஆடத் தொடங்கினார்.

"ஐயையோ, மலேரியா!" என்றாள் ஒருத்தி.

"ரெண்டு நாளாவே முகம் சரியில்ல."

ஒருவர் சாக்கைப் போர்த்திவிட்டார். இன்னொருவர் பையிலிருந்து மாத்திரை எடுத்து நீட்டினார். "ஒரு டீ வாங்கிக் குடுத்து ஓரமா உக்கார வைங்கப்பா" என்றார் திரிஜுகி, கருணையோடு. ஆடிய சாமிக்கு மாத்திரை கொடுத்து உட்காரவைத்தது எங்கள் ஜில்லாவில் அதுதான் முதல் முறை.

கூட்டம் நகர்ந்தது. முன்னால் போன இளம்பெண்ணின் இடுப்பில் குழந்தை. அவள் முதல் கல்லில் கால்வைத்தபோது, பின்னாலிருந்து ஒரு சத்தம். சாக்குக்குள் இருந்த குராஹுகூட நடுக்கத்தை மறந்து திரும்பிப் பார்த்தார்.

பூல்மதி. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. பாதைக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தாள்.

"எவடி அது, என் முதுகுல மிதிக்கிறவ?"

திரிஜுகி கைகூப்பினார். "மாயி, உனக்குக் கடாய் வைக்கத்தான்..."

"பெத்தவ முதுகுல அடுப்பு மூட்டுவியாடா திரிஜுகி?"

சிரிக்கலாமா என்று தெரியாமல் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"நான் இந்த மரத்தடிக்கு எறங்கி வந்துட்டேன். கடாய் இங்க வை. மேல ஒரு காலு பட்டுது..." அவள் குரல் அந்த இடத்தில் அறுந்தது. பிறகு வந்தது வேறு குரல். "லோட்டா... ஆடு போனா போவுது. எறங்கி வந்துருடா, என் ராசா. எறங்கி வாடா."

இடுப்பில் குழந்தையோடு நின்றவள் ஓசையில்லாமல் காலைக் கீழே எடுத்துவைத்தாள்.

முதலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவர் திரிஜுகி. எழுந்ததும், தன் கனவில் ஒரு மரம் வந்தது உண்மைதான், அது இன்ன மரம் என்று அப்போது விளங்கவில்லை என்று விளக்கமும் அளித்தார். இலுப்பையடியில் அன்று கிண்டிய அல்வா, நடுநிலையோடு சொன்னால், கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது.

அதன் பிறகு பாறையில் யாரும் ஏறுவதில்லை. "மாயி முதுகுடா, எறங்கு!" என்று தாய்மார்கள் பிள்ளைகளை அதட்டுகிறார்கள். வாலிபர்களும் கீழே நின்றே படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

வரட்டி தட்டிக்கொண்டிருக்கும்போது குராஹு ஒருநாள் கேட்டார். "நெசமா அவளா வந்தா, இல்ல நீயா?"

பூல்மதி சாணியை உருட்டினாள். "அடுப்பு விஷயம் வரைக்கும் நான்தான். லோட்டன் பேரைச் சொன்னேன்னு மத்தவங்க சொல்லித்தான் தெரியும்."

அவர் அடுத்த வரட்டியைத் தட்டினார்.

ஆனால் மழைக்குப் புராணம் தெரியாது. செந்தூரம் கரைகிறது. சிவப்பு மறைந்தால் மாயி மறந்துபோவாள். மாயி மறந்துபோனால் மறுபடி எவனாவது ஏறுவான். ஆகவே எவரும் மிதிக்கக்கூடாத பாறையில், எவரும் மிதிக்காமல் இருப்பதற்காக, குராஹு மட்டும் அவ்வப்போது ஏறியாக வேண்டியிருக்கிறது. இடுப்பில் கயிறு. மறுமுனையை ஒரு மரத்தில் சுற்றிப் பிடித்திருப்பவள் பூல்மதி. அவர் வயிற்றால் ஊர்ந்து போவதைக் கீழிருந்து பார்த்த பக்தர்கள், அது ஏதோ கடும் விரதம் என்று முடிவுகட்டித் தாங்களும் ஊர அனுமதி கேட்டார்கள். திரிஜுகி மறுத்துவிட்டார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியமாக அது பதிவாகட்டும்.

போன மழையில் கல்லுக்குப் பூசி முடித்த குராஹு உடனே திரும்பவில்லை. இரண்டு கையும் ஒரு கணம் குவிந்தன.

"என்னய்யா, நீ பூசின கல்லை நீயே கும்பிடுறியா?" என்று கத்தினாள் பூல்மதி.

"கும்பிடல. ரெண்டு கையையும் எடுத்தா வழுக்குதான்னு பார்த்தேன்."

"வழுக்குச்சா?"

"இல்ல."

"அப்ப எறங்கி வா. கயிறு கையை அறுக்குது" என்றாள் பூல்மதி. ஆனால் அவர் கீழே வந்து சேரும்வரை பிடியைத் தளர்த்தவில்லை.