கோஷன் என்றால் எச்சரிக்கை

கஞ்சா விற்கும் கடையில் கஞ்சா வைத்திருந்தவனுக்கு வேலை கொடுக்கலாமா என்று நாங்கள் ஒரு முழு மத்தியானம் சண்டை பிடித்தோம்.

குரோய்டனில் இருந்த அந்தப் பார்மசியில் நான் மனேஜர். டொக்டர் எழுதிக் கொடுத்தால் கஞ்சாவை மருந்தாக விற்க இந்த வெள்ளைக்கார நாட்டில் சட்டம் இடம் கொடுக்கிறது. அதுதான் எங்கள் முக்கிய வியாபாரம். ஆனால் கோயிலில் யாரும் கேட்டால் முதலாளி சிவராசா அண்ணை "நரம்பு மருந்து" என்று சொல்லிச் சமாளிப்பார்.

ஸ்டோர் ரூம் வேலைக்கு நோர்பரியிலிருந்து சுதன் வந்தான். கெட்டிக்காரன். "பொலிஸ் பதிவு ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன். "இல்லை அக்கா" என்றான். பிறகு செக் பண்ணினால், கஞ்சா வைத்திருந்ததற்கு ஒரு கோஷன் இருந்தது.

அண்ணை கொதித்துப் போனார். "பொய் சொன்னவனை மருந்து அறைக்குள்ள விடேலுமோ?"

சுதனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ரோட்டில மறிச்சுப் பொக்கற்றைப் பாத்தவங்கள் அக்கா. ஸ்டேஷனில கோஷன் எண்டு சொல்லி விட்டிட்டாங்கள். எச்சரிக்கைதானே? கோர்ட்டுக்கே போகேல்லை, பிறகென்ன பதிவு?"

அகராதிப்படி அவன் சொன்னது சரி. ஆனால் இந்த நாட்டுப் பொலிசில் கோஷன் என்பது, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிந்து வைப்பது. எங்கள் சனம் வழக்கமாக இடறி விழுகிற சொல் அது. எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

கோஷன் உள்ளவனை எடுக்கக்கூடாது என்று சட்டம் இல்லை. முடிவு முதலாளியின் கையில். நான் விடவில்லை.

"அண்ணை, அதே செடியைப் போத்தலில அடைச்சுத்தானே நாங்கள் பிழைக்கிறம்?"

அண்ணை கொஞ்சம் இறங்கினார். "சரி, உள்ளுக்கு வேண்டாம். டெலிவரிக்குப் போகட்டும்." பெரிய உபகாரம் செய்துவிட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

சுதன் மறுத்துவிட்டான். "ஏலாது அண்ணை. பார்சலில இருந்து வாற இந்த மணத்தோட ரோட்டில போனால் திரும்பவும் மறிப்பாங்கள். நான் டொக்டரின்ர பேப்பரை எடுக்க முதல் விலங்கு போட்டிடுவாங்கள்."

"பேப்பர் இருக்க என்ன பயம்? நானே போய்க் காட்டுறன்" என்று அண்ணை பார்சலோடு காரில் ஏறினார்.

தோர்ன்டன் ஹீத்தில் அன்று பொலிஸ்காரர் வாகனங்களை மறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியை இறக்கியதும் மணம். கடைக்குப் போன் வந்தது. எல்லாம் முறைப்படிதான் என்று நான் விளக்கிய பிறகே அவரை விட்டார்கள்.

திரும்பி வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தார். "கையை வெளியில வைச்சுக்கொண்டு நில் எண்டவங்கள், பிள்ளை. கோயில் ஆக்கள் பாத்துக்கொண்டு போகினம்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அவருக்குத் தேத்தண்ணி போடப் போனேன்.

அண்ணையே கூப்பிட, அடுத்த கிழமை சுதன் ஸ்டோர் ரூமில் வேலை தொடங்கினான். டெலிவரியை ஒரு கூரியர் கம்பனிக்குக் கொடுத்தோம். அதன் பிறகு ஆள் எடுக்கும்போதெல்லாம், பதிவு இருக்கிறதா என்பதோடு அது எப்படி வந்தது என்றும் கேட்பது என் வழக்கமாயிற்று. நீங்களும் கேளுங்கள்.

வேலைக்கு வந்த முதல் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது சுதன் மெல்லக் கேட்டான்: "பொலிஸ் மறிச்சதை வீட்டில சொன்னீங்களோ அண்ணை?"

"இல்லையடா தம்பி. என்னெண்டு சொல்லுறது?"

"நானும் அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை" என்றான் சுதன்.